பொன்னிற அஞ்சல்பெட்டி உள்ள ஊர்

ஆண்டி மரே டென்னிஸ் ஆடிய காலத்தில் விம்பிள்டன் அரங்குக்கு வெளியே உள்ள புல்மேட்டில் கில்ட் உடுத்திய ரசிகர்களைப் பார்க்கலாம். கோடை வெயிலிலும் கட்டம்போட்ட கம்பளி உடை, முன்னால் தொங்கும் தோல்பை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது; பணம் வைக்க அந்தப் பைதான்.

பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. ஆனால், 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் இந்த உடையை அணியவே தடை விதித்தது. ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது.

மரேயின் சொந்த ஊரைப் பார்த்தால் அந்த ஆரவாரம் இன்னும் நன்றாகப் புரியும். எடின்பரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணத்தில் டன்பிளேன் வந்துவிடும். பழைய தேவாலயமும் சின்னக் கடைத்தெருவும் கொண்ட அமைதியான ஊர்.

1996 மார்ச் 13ஆம் தேதி, இங்குள்ள தொடக்கப்பள்ளியில் ஒருவன் 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். எட்டு வயது மரேயும் அன்று அதே பள்ளியில் இருந்தார். அதன்பின் டன்பிளேன் என்றாலே உலகுக்கு அந்தத் துயரம்தான் நினைவில் வந்தது.

2012இல் மரே ஒலிம்பிக் தங்கம் வென்றபோது, கடைத்தெருவின் சிவப்பு அஞ்சல்பெட்டிக்குப் பொன்வண்ணம் பூசினார்கள். மறு ஆண்டு, 77 ஆண்டுகளுக்குப் பிறகு விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ் ஆடவரானார் அவர்.

துயரத்தை ஊர் மறக்கவில்லை. ஆனால், வெளியூர்க்காரர்கள் இப்போது அந்தப் பெட்டியைத் தேடியும் வருகிறார்கள்.