1729 மட்டும் போதாது

ராமானுஜன் என்றாலே டாக்சி எண் 1729 கதையோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு. தாப்பாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அக்கா மகளுக்குக் காரணிகள் சொல்லிக்கொடுக்கும்போது இந்த எண்ணை எழுதிக் காட்டினேன்: 6746328388800.

1915-இல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது அவர் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையில் கடைசி எண் இது. மீதியில்லாமல் இதை வகுக்கும் எண்கள் 10,080! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. அட்டவணை முழுக்க இப்படிப்பட்ட எண்கள்தான்.

உடைத்துப் பார்த்தோம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. நடுவில் ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அடுக்கு எங்கேயும் ஏறவில்லை. இந்த வகை எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒழுங்கு உண்டென்று நிறுவியவர் அவர். கணினி இல்லாத காலம் அது.

அவ்வளவு பெரிய அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதுதான். பிள்ளை தாளிலேயே வகுத்து, "மாமா, சரியா வந்திருச்சு!" என்றாள். அதற்குக் காரணிகள் 5,040. அந்த 5040-உம் இதே வகை எண்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் 5040-ஐக் கொடுத்துப் பாருங்கள். 60 காரணிகள் வரவேண்டும்.