பெரகல மலையும் வான்மதியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவா மலைகளை நாடி வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை என மேலேறிப் பதுளைப் பக்கம் செல்கிறது. மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. மத்திய மலைநாடு தெற்கு நோக்கிச் சட்டெனச் சரிந்து முடிவுறும் விளிம்பு இது. பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும் மூடுபனி விலகினால் கீழே காடும் வயலும், தெளிந்த நாட்களில் தொலைவிலே தென்கடலின் கோடும் புலப்படும். இக்காட்சியைக் கண்டு மகிழ வருவோர் பலர். வானத்துக் கோள்களை ஆளும் இரு பெரும் நியதிகளும் இச்சாலையோரத்திலேயே தம்மைக் காட்டி நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

முதலாவது, சடத்துவம். பஸ் வண்டி ஒரு வளைவில் வலப்புறம் திரும்பும்போது நாம் இடப்புறம் சாய்கிறோம். நம்மை எவரும் தள்ளவில்லை. நமது உடல் தான் சென்ற நேர்கோட்டிலேயே தொடர்ந்து செல்ல விழைகிறது, வண்டிதான் திரும்புகிறது. வண்டியைத் திருப்புவதோ சில்லுக்கும் தெருவுக்கும் இடையிலான உராய்வு. மழையாலும் பனியாலும் அந்த உராய்வு குன்றினால் வண்டியும் நேர்கோட்டையே நாடும். மலைநாட்டுச் சாரதிகள் ஈரத் தெருவில் வேகத்தைக் குறைப்பது இதனாலேயே.

இரண்டாவது, புவியீர்ப்பு. கொஸ்லாந்தையைக் கடந்ததும் தியலும அருவி ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கிறது. காற்றும் பாறையும் தடுக்காவிடின் அந்நீர் ஏழு செக்கனுக்குள் அடிவாரத்தை அடைந்துவிடும். அதன் விளிம்பை உற்று நோக்குங்கள். ஆற்றின் ஓட்டம் நீரை முன்னே செலுத்துகிறது. பூமி அதனைக் கீழே இழுக்கிறது. இரண்டும் கூடியே நீர் வளைந்து பாய்கிறது.

இவ்வளைவிலேயே விண்வெளியின் இரகசியம் அடங்கியுள்ளது. ஐசாக் நியூட்டன் தமது நூலொன்றிலே ஒரு மலையைக் கற்பனை செய்தார். அவர் மறைந்தபின் 1728 இல் அந்நூல் வெளிவந்தது. அம்மலையைப் பெரகல என்றே கொள்வோம். உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கிடையாக எறிந்தால் அது முதற் செக்கனில் ஏறத்தாழ 5 மீற்றர் கீழே விழும். இன்னும் விசையாக எறிந்தால் இன்னும் தொலைவில் விழும். ஆனால் பூமி தட்டையன்று. சுமார் 8 கிலோமீற்றர் தூரம் செல்லும்போது அதன் மேற்பரப்பும் 5 மீற்றர் வளைந்து தாழ்கிறது. ஆகவே, செக்கனுக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்பட்ட கல், காற்றின் தடை இல்லையாயின், விழுந்துகொண்டே இருக்கும். ஆயினும் தரையைத் தொடாது. பத்துச் செக்கனுக்குள் தென்கரையைத் தாண்டி, உலகைச் சுற்றி, ஒன்றரை மணி நேரத்துக்குள் எறிந்தவனின் முதுகுப்புறமாக மீண்டு வரும்!

நமது வெண்மதியும் அத்தகைய ஒரு கல்லே. 3,84,000 கிலோமீற்றருக்கு அப்பால் புவியீர்ப்பு மிகவும் மெலிந்துவிடுகிறது. அங்கே சந்திரன் ஒரு செக்கனில் பூமியை நோக்கி விழும் தூரம் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அதே செக்கனில் பக்கவாட்டில் ஒரு கிலோமீற்றர் ஓடிவிடுகிறது. ஈர்ப்பு இல்லையேல் அது நேரே ஓடி மறைந்துவிடும். ஓட்டம் இல்லையேல் நம்மீது வீழ்ந்துவிடும்.

சீதையை இராவணன் சிறைவைத்த குகை எல்லவில் உள்ளது என்பது ஊவா மக்கள் வழிவழியாகக் கூறும் கதை. அவ்வரசன் பெயரைத் தாங்கிய இராவணா-1, இலங்கையின் முதற் செய்மதிகளுள் ஒன்றாக, 2019 யூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. சுமார் ஒரு கிலோகிராம் எடையுள்ள அச்சிறு பெட்டி 400 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுற்றியது. அங்கும் மெல்லிய காற்று உண்டு. அதன் உராய்வு சிறுகச் சிறுக ஆற்றலைக் கவர, பாதை தாழ்ந்து, சில ஆண்டுகளுக்குள் அது வளிமண்டலத்தில் எரிந்து மறைந்தது.

வானத்துப் பொருளை ஓட்டம் காக்கிறது. மலைச்சரிவில் நிற்கும் மண்ணுக்கு அத்தகைய ஓட்டம் ஏது? அதனைத் தாங்குவது உராய்வும் மரவேர்களின் பிடியுமே. அடைமழை மண்ணில் ஊறினால் பாரம் கூடுகிறது, பிடிப்புத் தளர்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை இறங்கி வந்து லயக் காம்பராக்களைத் தொழிலாளர் குடும்பங்களோடு மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்து நின்றனர். அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்களைக் குடியமர்த்தத் தக்க மாற்றிடம் உரிய காலத்தில் அமையவில்லை. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயருற்றது.

சந்திரனைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பும் மீரியபெத்தை மண்ணை இழுத்த ஈர்ப்பும் ஒன்றே. அது பகையும் அறியாது, இரக்கமும் அறியாது. ஒரு கணமும் ஓய்வதில்லை. அதனை நிறுத்த எவராலும் இயலாது. ஆனால் எந்தச் சரிவு நிலைக்கும், எது நழுவும் என்பதை ஆராய்ந்தறியலாம். அறிந்தபின் கொழுந்து பறிப்போரின் குடும்பங்களுக்கு உறுதியான நிலத்தில் வீடமைத்துக் கொடுக்கலாம். நியூட்டனின் மலையைக் கற்றுக்கொண்ட உலகம் ஊவா மலைகளுக்குச் செய்யவேண்டிய கடமை அது.