மிச்சம் மீதி

என் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பழைய புரோகிராமை வெளியேற்ற எனக்கு 4 நாட்கள் பிடித்தன. அந்த 4 நாளில் ஒரு கதையாவது எழுதியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வாஸ்தவந்தான். ஆனால் எழுதுவதற்குத்தான் அது விடவில்லையே! 'க' என்று தட்டினால் ஒரு சமயம் 'க' விழும். ஒரு சமயம் இரண்டு 'க' விழும். இன்னொரு சமயம் இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியுமாக ஏதோ விழும்.

தமிழில் தட்டுவதற்கென்று நான் வருஷக்கணக்கில் சேர்த்த புரோகிராம்கள் பல. அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நண்பர் சிபாரிசு செய்தார். இவையெல்லாம் சாதுக்கள். தகராறு செய்தது இவற்றுக்கெல்லாம் மூத்த ஒன்று. பெயர் வேண்டாம், செய்தவர்களே அதைக் கைவிட்டு வெகுநாளாகிறது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தன் சொந்த எழுத்துருவோடு வந்தது அது. 2010இல் கம்ப்யூட்டர் வாங்கியதும் ஒரு பழைய சி.டி.யிலிருந்து நானே ஏற்றினேன். 2016இல் விண்டோஸ் 10க்கு மாறியதும் அதனுடைய எழுதும் பகுதி திறக்க மறுத்துவிட்டது. ஆனால் சாவிப் பலகையின் மேல் வைத்த பிடியை மட்டும் விடவில்லை. பல காலம் பொறுத்துப் பார்த்தேன். போன மாதம்தான் துணிந்து, நீக்கு என்று உத்தரவு கொடுத்தேன். நீக்கியாயிற்று என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் திரையின் மூலையில் அதன் சின்னம், பாக்கி வசூலிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். குடித்தனக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சுவரில் ஆணிகள் இருக்கும். அரங்கில் உடைந்த பெட்டி இருக்கும். அவர் பேருக்கு 3 வருஷம் தபால் வந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டரிலும் ஒரு புரோகிராம் ஓர் இடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. தன் கோப்புகளை ஒரு போல்டரிலும், தன் வழக்கங்களைக் கண்ணுக்குத் தெரியாத வேறொரு போல்டரிலும் வைக்கிறது. ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பேரேடு உண்டு. விண்டோஸ் 95 வந்த காலத்திலிருந்து எல்லா வரவு செலவும் அதில்தான். அதிலும் பல பக்கங்களில் தன் பெயரை எழுதிக்கொள்கிறது. இதில் வேடிக்கை, போகும்போது துடைத்துவிட்டுப் போகிற வேலையும் பெரும்பாலும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நீக்கும் கருவியை எழுதுவது, புரோகிராமைச் செய்தவர்களேதான். சிலர் சோம்பலால் மிச்சம் விடுகிறார்கள். சிலர், இவன் திரும்பி வந்தாலும் வருவான் என்று நம்முடைய விருப்பங்களை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். 30 நாள் இலவசமாகக் கொடுக்கிறவர்கள், நாம் மறுபடியும் இலவசம் கேட்டு வந்தால் அடையாளம் காண்பதற்காக ஓர் ஆணியை அடித்துவிட்டே போகிறார்கள்.

கம்போளத்துக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தான்.

"பார்மட் அடிச்சிருவோம் அண்ணாச்சி. ஒரு மணிக்கூர் வேலை."

"உள்ள இருக்கதெல்லாம் போயிருமேடே?"

"வேணும்ங்கதை மொதல்ல எடுத்து வச்சுக்கலாம்லா?"

"வேணும்ங்கது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியணும்லா!"

சிரித்துக்கொண்டே, முழுசாகப் பெருக்கித் தள்ளுகிற இலவசப் புரோகிராம்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

இலவசம் என்றதும் எனக்கு ஒரு பயம். 2017இல் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. சி-கிளீனர் என்ற பெயர்பெற்ற துப்புரவுப் புரோகிராமின் ஒரு பதிப்புக்குள்ளேயே யாரோ நச்சு நிரலைப் புகுத்திவிட்டார்கள். செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்தே அது ஒரு மாதம் போல விநியோகமாயிற்று. சுமார் 22 லட்சம் கம்ப்யூட்டர்களில் ஏறியிருந்தது. வாரியலோடு வந்தவன் மடியில் பாம்பு. தவிர, ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிற கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. பேரேட்டில் ஒரு வரியைத் தப்பாக அடித்தால் கடையே திறக்காமல் போகலாம்.

ஆகவே பொதுத் துப்புரவு வேண்டாம், ஒரே ஒரு குடித்தனக்காரரைக் காலி செய்தால் போதும் என்று தீர்மானித்தேன். மூன்றைப் பார்த்தேன். கீக் அன்இன்ஸ்டாலர் ஒரே ஒரு கோப்பு. நிறுவவே வேண்டாம், திறந்து வேலை முடித்து மூடிவிடலாம். வெளியேற்ற வந்தவன் தானும் குடியேறாமலிருப்பது பெரிய குணம். ரெவோ அன்இன்ஸ்டாலர், திரும்பி வருவதற்கு ஒரு வழியைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு புரோகிராமின் சொந்த நீக்கியை ஓடவிட்டு, அதற்கும் பிறகு மிச்சத்தைத் தேடுகிறது. மூன்றாவது, பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர். அதன் பெயரை மொழிபெயர்த்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். அதன் மூல நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தெரிந்தவர்கள் படிக்கலாம் என்பதில் ஒரு தைரியம். நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். காரணம் வேறு. மிச்சம் என்று தான் நினைப்பதை வரிவரியாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்று தரம் போடுகிறது. மிக நல்லது, நல்லது, சந்தேகம், மோசம் என்று தரம். இவ்வளவு அடக்கம் மனிதர்களிடம்கூடக் கிடைப்பதில்லை.

பட்டியல் வந்தது. 40 வரிக்கு மேல். எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று ஒரு பொத்தான் வேறு. ராத்திரி பத்தரை மணி, தூக்கம். கை அந்தப் பக்கம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய பிழை திருத்தும் வழக்கத்தில் ஒருமுறை மேலிருந்து கீழே படித்தேன். நடுவில் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்று தொடங்கி ஒரு போல்டர். தரம்: மிக நல்லது. அதாவது சந்தேகமே இல்லாத குப்பை.

திறந்து பார்த்தேன். 11 கோப்புகள். முதலாவதன் பெயர் 'அம்மை 1'.

2010இல் அம்மை படுக்கையில் விழுவதற்கு முன்னால் நான் தினம் சாயங்காலம் அவளிடம் கேட்டுக் கேட்டுத் தட்டி வைத்தது. ஒரு நாவலுக்காக என்று சொல்லித்தான் கேட்டேன். நாவல் எழுதவில்லை. அம்மையும் போய்விட்டாள். கோப்புகளை எங்கெங்கோ தேடி, நானே அழித்திருப்பேன் என்று முடிவு கட்டி, அந்தக் குற்றத்தோடு பழகியும் விட்டேன். நடந்தது இதுதான். அந்தக் கால புரோகிராம்கள் நாம் எழுதியதைத் தங்கள் போல்டரிலேயே வைக்கும். விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் அந்த இடத்தில் எழுத விடுவதில்லை. பழைய புரோகிராம்கள் முகம் கோணாமலிருக்க, சரி சரி என்று வாங்கி, மறைவான வேறோர் இடத்தில் வைத்துவிடும். அந்தப் புரோகிராமின் கண்ணுக்கு மட்டும் அது பழைய இடத்திலேயே தெரியும். 2016இல் அது கண்ணை மூடியதும், பார்க்க யாரும் இல்லை.

திறந்தால் தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்துக் குவியல். பட்டியலில் இன்னும் கீழே, அந்த எழுத்துருவும் குப்பையாக நின்றுகொண்டிருந்தது. அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்துருவைப் பொருத்தியதும் அம்மை பேச ஆரம்பித்தாள். கம்போளத்தில் கருப்பட்டி விற்ற கதை. எல்லாம் சக்கரக் கணக்கு: 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். திருவிதாங்கூர்ப் பணம் போய், 1956 நவம்பர் 1இல் ஊரே தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அவள் அப்பா மனசுக்குள் சக்கரத்தில் கூட்டித்தான் ரூபாயில் சொல்வாராம்.

மறுநாள் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். 11இல் 10 சரியாக வந்தது. ஏழாவது பாதியில் சிதைந்திருக்கிறது. பென்டிரைவில் ஒன்று, மகள் வீட்டில் ஒன்று என்று பிரதி வைத்தாயிற்று.

பிறகு பட்டியலில் மற்ற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து நீக்கினேன். அதற்குத்தான் மீதி 3 நாள். சின்னம் போய்விட்டது. 'க' என்றால் 'க' விழுகிறது. பையன் வந்து பார்த்துவிட்டு, "ஒரு மணிக்கூர் வேலை அண்ணாச்சி, நாலு நாளா செய்தியோ?" என்றான். அந்த ஏழாவது கோப்பைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு, அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.