ஐந்தாவது கல்லூரி

“உன் முதல் விருப்பம் எது?” என்று கேட்டால் நம்மில் எவரும் நொடியில் விடை சொல்லிவிடுவோம். “ஐந்தாவது விருப்பம் எது?” என்று கேட்டால்தான் விழிப்போம். ஆனால் நம்மில் பலரை ஏற்றுக்கொண்டது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ எழுதிய இடம்தான். நானும் அப்படி வந்தவள். வந்த கதையை இங்கே எழுதக் காரணம், அடுத்த ஆண்டு வரப்போகும் தம்பி தங்கையருக்கு அது பயன்படக்கூடும் என்ற எண்ணமே.

எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகளின் ஊர். பொன்னி அரிசி மூட்டைகளில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆலைகளுள் ஒன்றில், நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளும் வேலை என் தந்தைக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ‘எங்கே சேருவது, எப்படிச் சேருவது’ என்று கேட்டறிய எங்கள் உறவில் ஒருவரும் இல்லை.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே என் கனவு. 2024 மே 6-ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. கணிதத்தை நூறு மதிப்பெண்ணுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் வருவது ‘கட் ஆஃப்’. என்னுடையது 200-க்கு 158. கிண்டி அன்றே கைவிட்டுப் போயிற்று. திருச்சியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகமும், சேதுராப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியும் ஐயத்திற்கிடமாயின. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் எனக்குப் பொருந்தவில்லை.

அரசு கலைக்கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பம். ஐம்பது ரூபாய்க் கட்டணத்தில் ஐந்து கல்லூரிகள் வரை குறிக்கலாம். கடைத்தெருவிலுள்ள கணினி மையத்தில் உட்கார்ந்து நிரப்பினோம். தந்தை பெரியார் கல்லூரி, நம் கல்லூரி, லால்குடி, முசிறி என நான்கும் முடிந்தன. ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. “சும்மா விடுவானேன்?” என்று, போகவர ஐந்து மணி நேரமாகும் ஓர் ஊரின் கல்லூரியைக் குறித்தேன். அருகில் நின்ற அப்பா கேட்டார்:

“ஏம்மா, அங்க எடம் கெடச்சா நீ போவியா?”

“போகமாட்டேம்ப்பா. ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“போகாத எடம் என்னம்மா பாதுகாப்பு?”

நான் சிரித்தேன். “உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா” என்றும் சொல்லிவிட்டேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு உறுத்தும் சொல் அது.

அக்கேள்வியின் அருமை எனக்கு மட்டுமல்ல, அடுத்த வாரமே அப்பாவுக்கும் மறந்துபோனதுதான் வேடிக்கை. அச்சம் அப்படிச் செய்யும். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். “இப்போ அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி. கவுன்சலிங்கை நம்பிக் கடைசியில தெருவுல நிக்காதீங்க” என்றார். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. ஐயாயிரம் ரூபாய் கட்டினோம். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகவே கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். ஆண்டுதோறும் அங்கே கட்டவேண்டிய தொகையை வீட்டில் அமர்ந்து கணக்குப் போட்ட இரவில்தான், அங்கே நான் படிக்கவே முடியாது என்பது புரிந்தது. முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்பவர்க்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்க்கு இல்லை. இதுவும் பணம் கட்டிய பிறகே தெரிந்தது.

ஜூன் மாதம் நம் கல்லூரியிலிருந்து கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும். அவையோ அங்கே இருந்தன. அப்பா இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்தார். ‘இன்று வாருங்கள், நாளை வாருங்கள்’ என்று இழுத்து மூன்றாம் முறை கொடுத்தார்கள். என் தரவரிசைக்குரிய நாள் அதற்குள் கடந்துவிட்டது. மறுநாள் காலை கொள்ளிடம் பாலத்தில் பேருந்து ஊர்ந்தபோது சான்றிதழ் உறையை மார்போடு அணைத்தபடி இருந்தேன். இயற்பியல் இடங்கள் நிரம்பிவிட்டிருந்தன. “கணிதம் இருக்கிறதம்மா, எடுத்துக்கொள்கிறாயா?” என்று கேட்ட பேராசிரியரின் முகம் இன்றும் நினைவில் நிற்கிறது. அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டேன்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், உரிய காலத்தில் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. இது எனக்குத் தெரிந்தது முதலாண்டின் முடிவில். அந்த ஐயாயிரத்தை நாங்கள் கேட்கவேயில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பொறியியல் கலந்தாய்வு தொடங்கியது அதன் பின்னர்தான். நமக்கு ஜூனில் கலந்தாய்வு. அவர்களுக்கு ஜூலைக் கடைசியில். முதல் விருப்பத்தின் கதவு திறக்குமுன்பே இரண்டாம் விருப்பத்தின் கதவு மூடிவிடுகிறது. ஆகவே இங்கே வகுப்பில் உட்கார்ந்துகொண்டே அங்கே காத்திருந்தேன். அதில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். நம் தரவரிசை எண் வரும்போது, நம் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, இடமுள்ள முதல் ஒன்றைத் தருவார்கள். எனவே ‘எது கிடைக்கும்’ என்று வரிசைப்படுத்தாமல் ‘எது வேண்டும்’ என்று வரிசைப்படுத்துவதே முறை. கிடைக்காத ஒன்றை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோய்விடாது. ஆனால் வேண்டாத ஒன்றைக் கீழே எழுதினால் அதுவே வந்து சேரக்கூடும்.

இம்முறை அப்பாவை அருகே உட்காரவைத்து, ஒவ்வொரு பெயரையும் படித்துக் காட்டி, “கிடைத்தால் போவேனா?” என்று என்னை நானே கேட்டேன். கட்டணம், பேருந்து, விடுதி அனைத்தையும் பார்த்தோம். கணினி மைய அண்ணன் நாற்பது கல்லூரிகள் எழுதச் சொன்னார். நாங்கள் எழுதியது ஆறு. ஆகஸ்டில் என் சுற்று முடிந்தது. ஆறில் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிரவு அழுதேன். மறுநாள் காலை வழக்கமான பேருந்தில் நம் கல்லூரிக்கு வந்தேன்.

நம் திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமன், மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடந்தராது என்று மருத்துவர் சொன்னதால், 1907-இல் கல்கத்தாவில் அரசுக் கணக்குத்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக மிஞ்சிய காலையிலும் மாலையிலும் அவ்வூர் அறிவியல் கழக ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-இல் பேராசிரியர், 1928-இல் இராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு. பெரியோரோடு என்னை ஒப்பிட இதைச் சொல்லவில்லை. கணக்குத்துறையை அவர் வெறும் காத்திருப்பு அறையாக எண்ணிச் சோர்ந்து உட்காரவில்லை என்பதையே சொல்ல வந்தேன்.

உண்மையை மறைப்பானேன்? முதற்பருவம் முழுவதும் நான் இங்கே விருந்தாளியைப்போலத்தான் இருந்தேன். துணைப்பாடமாக இயற்பியல் வந்தபோதுதான் மனம் சற்றே இளகியது. ஊசல் ஆடுவதும் வெப்பம் பரவுவதும் வகைக்கெழுச் சமன்பாடுகளாகக் கரும்பலகையில் இறங்கியபோது, நான் இழந்ததாக எண்ணிய பாடம் வேறொரு வாசல் வழியே உள்ளே வந்தது. பி.எஸ்சி. முடித்தபின் ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர நுழைவுத்தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்கள் பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு. கதவுகள் அனைத்தும் மூடிவிடவில்லை. ஆனாலும் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைக் கடக்கும்போது என் கால்கள் இன்றும் ஒரு கணம் தயங்கத்தான் செய்கின்றன.

சென்ற மே மாதம் நம் கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்தில் தொண்டாற்றினேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். நான்கு கல்லூரிகளைச் சொல்லிவிட்டு, “அஞ்சாவதா எதையாவது போட்டுடுங்கக்கா” என்றாள் அந்தப் பெண். கையில் அசல் சான்றிதழ்கள் இருந்தன. முதலில் அவற்றைப் படியெடுத்து வரச் சொல்லி, அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு கேட்டேன்:

“அங்க எடம் கெடச்சா நீ போவியா, தங்கச்சி?”

அவள் தன் தாயின் முகத்தைப் பார்த்தாள். இருவரும் மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்து அவள் சொன்ன ஐந்தாவது பெயர், அவர்கள் ஊரிலிருந்து ஒரே பேருந்தில் சென்றுவரக்கூடிய கல்லூரியாக இருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் அடுத்த ஆண்டு விண்ணப்பம் நிரப்பப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் அருகில் சற்று நேரம் உட்காருங்கள். அந்த ஒரு கேள்வியை ஐந்து முறை கேளுங்கள். அக்கேள்வி எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததன்று. எட்டாம் வகுப்பு வரை படித்த என் தந்தை கேட்டது.