தொடைக்கறிக்கு அவசரம் ஆகாது

சைதாப்பேட்டையில் ஒரு மாடி ரூம். மூணு பசங்க, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு இரும்பு தோசைக்கல், கல்லோடு பொருந்தாத ஒரு மூடி. வாரம் பூரா மெஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொந்தச் சமையல்.

அதில் ஒருத்தன், விருதுநகர்க்காரன், ஒரு ஞாயிறு லெக் பீஸ் வறுக்கிறேன் என்று இறங்கினான். மாசக் கடைசி. மூணு பேர் சட்டைப் பையையும் துழாவியதில் நாலு முழுக் கால் தேறியது. இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சை என்று சகலமும் தடவி ஊறவைத்தாயிற்று. 'ரொம்ப வேகவிட்டால் கறி வறண்டுவிடும்' என்று எங்கோ படித்த ஞாபகத்தில், தீயைக் கூட்டி வைத்துப் பத்தே நிமிஷத்தில் இறக்கிவிட்டான்.

வெளியே கருக்கல். கடித்தால் ரப்பர். எலும்பு ஓரம் சிவப்பு. மறுநாள் மூணு பேருக்கும் இன்டர்னல் பரீட்சை, வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவ்வளவும் குப்பைக்குப் போனது. (திரும்ப அடுப்பில் ஏற்றி மூடி வைத்திருந்தால் போதும். அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை!) அன்றைக்கு ராத்திரி பன்னும் டீயும்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எலும்பை ஆட்டிப் பாத்தியாடா?"

இதில் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. கோழி பறப்பது அபூர்வம். நிற்பதும் நடப்பதும்தான் அதற்கு முழுநேர வேலை. ஓயாமல் உழைக்கும் தொடைத் தசைக்கு ஆக்சிஜன் வேண்டும், அதைச் சேர்த்து வைக்கும் மையோகுளோபின்தான் கறிக்கு அந்தக் கருஞ்சிவப்பைத் தருகிறது. கூடவே கொழுப்பும், கொலாஜன் என்ற நார்ப்பொருளும் அதிகம். நெஞ்சுக்கறியில் இவை குறைவு, அதனால் 74 டிகிரியைத் தாண்டினால் சக்கையாகிவிடும். தொடைக்கு அந்த 74 கிருமி சாவதற்கான கணக்கு மட்டும்தான். 80, 85 வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் கொலாஜன் ஜெலட்டினாக உருகும். எலும்பு ஆடுவது அப்போதுதான். அவன் படித்தது நெஞ்சுக்கறிக்கான குறிப்பு! அமெரிக்காவில் நெஞ்சுக்கறிக்குத்தான் மவுசு. மிஞ்சிய கால்களை 1990 வாக்கில் சோவியத் யூனியனுக்குக் கப்பலேற்றினார்கள், அங்கே மக்கள் அதற்கு 'புஷ் கால்கள்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

எலும்பு ஓரச் சிவப்பை மட்டும் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. பிராய்லர் கோழி சுமார் ஆறே வாரத்துக் குஞ்சு. முற்றாத எலும்பிலிருந்து மஜ்ஜையின் நிறம் கசியும், நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகவே தெரியலாம். ஆனால் அன்றைக்கு ரூமில் நடந்தது அது இல்லை, சுத்தமாக வேகவே இல்லை.

அடுத்த மாசம் கறிக்கடை பாயிடம், "தோலோட குடுங்க பாய்" என்றான். பாய் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். கழுவுவதில் மட்டும் அம்மாவோடு தகராறு. குழாயடியில் பச்சைக் கோழியைக் கழுவினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும், கழுவாதீர்கள் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014-ல் பிரச்சாரமே செய்தது. "கழுவாத கறிய மனுஷன் திம்பானா?" என்பது அம்மா கட்சி. கடைசியில் பாத்திரத்துக்குள்ளேயே மஞ்சள்தூள் போட்டு மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, கறியை ஈரம் போகத் துடைத்தான். ஈரம் இருந்தால் தோல் முறுகாது.

எலும்பைத் தொடும்படி ஆளுக்கு ரெண்டு கீறல். முதல் நாள் ராத்திரியே உப்பு மட்டும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தான், அதுவும் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ். உள்ளே இறங்குவது உப்புதான், மசாலா பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும்.

காலையில் ஆறிய கல்லில், எண்ணெய் ஊற்றாமல், தோல் பக்கம் கீழே. சிறு தீ. கொஞ்ச நேரத்தில் தோலின் கொழுப்பே உருகிச் சிடுசிடுவென்று பொரிய ஆரம்பித்தது. இருபது நிமிஷம் தொடவே இல்லை (ரூம் நண்பர்கள் நாலு தடவை எட்டிப் பார்த்தார்கள்). திருப்பிப் போட்டு, மூடி, இன்னொரு இருபது நிமிஷம். மிளகாய்த்தூள் முன்னாடியே போட்டால் கருகும் என்பதால் அதை மட்டும் கடைசியில், தட்டிய மிளகு, கறிவேப்பிலையோடு அந்தக் கொழுப்பில் பிரட்டினான்.

எலும்பைப் பிடித்து ஆட்டினான். கறியை விட்டுத் தனியாகக் கழன்று வந்தது.

நாலு கால், மூணு பேர். நாலாவதைப் பங்கு போடுவதில் சண்டை நடந்துகொண்டிருக்க, அவன் கல்லில் மிஞ்சிய கொழுப்பில் சோற்றைக் கொட்டிப் பிரட்டிக்கொண்டிருந்தான்.