துணையின்றி ஒரு தீவுக்கு

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலிருந்து டென்னிஸ் பார்க்கச் சிங்கப்பூர் போகிறோம் என்றதும், "துணைக்கு யார்?" என்று கேட்காதவர் இல்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பழகியவர்களுக்கு ஆகாய விமானம் ஒரு பொருட்டா?

பூமத்திய ரேகையை ஒட்டிய அத்தீவில் எப்போதும் புழுக்கம். திடீர் மழை வேறு. மகளிர் டென்னிஸின் ஆண்டிறுதிப் பந்தயங்களை 2014 முதல் 2018 வரை அங்கே குளிர்ந்த உள்ளரங்கில் நடத்தினார்கள். தமிழ் அங்கே அரசாங்க மொழிகளுள் ஒன்றல்லவா? அறிவிப்புப் பலகைகளில் அதைக் கண்டதும் தனிமை பாதி அகன்றது.

2015 நவம்பர் 1-ந் தேதி, நமது ஸானியா மிர்ஸாவும் ஸ்விட்ஜர்லாந்தின் ஹிங்கிஸும் ஸ்பெயின் தேசத்து ஜோடியை 6-0, 6-3 என்று வென்றனர். அடுத்த ஆசனத்து அந்நியர், "உங்கள் ஊர்ப் பெண்ணா?" என்றார். "ஆம்" என்றோம், சற்றும் தயங்காமல். கொல்லிமலைக்கும் ஹைதராபாத்துக்கும் எத்தனை மைல் என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.