டிராயிங் பீரியட்

பத்து நாளாக டீச்சரைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். மகன் வேலை பார்க்கும் பாரிஸுக்குப் போய் வந்தேன். ஈஃபிள் கோபுரம், சேன் நதியில் படகு, மோன்மார்த்ர் குன்றில் தெருவிலேயே உட்கார்ந்து படம் வரையும் ஓவியர்கள் எல்லாம் பார்த்தாயிற்று. போட்டோக்களை மருமகள் போடுவாள். நான் எழுத வந்தது வேறு.

கடைசி நாள் ஓர்சே மியூசியத்துக்குப் போனோம். 1900-இல் ரயில்வே ஸ்டேஷனாகக் கட்டிய கட்டடம். ஒரு காலத்தில் இடித்துவிடலாம் என்றுகூட நினைத்தார்களாம். 1986-இல் மியூசியமாக்கிவிட்டார்கள். எனக்கு நம் ராயபுரம் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

உள்ளே மிலே என்ற ஓவியரின் படம் ஒன்று. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்கள். 1857-இல் வரைந்தது. ராயபுரத்தில் முதல் ரயில் கிளம்பியதற்கு மறு வருஷம். பக்கத்து ஹாலில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சுவரில் இருந்ததைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் டீச்சர் கையில் சிவப்புப் பேனா இல்லை.

எனக்குக் கால் நகரவில்லை.

ஏழாம் வகுப்பில் டிராயிங் பீரியடை வாங்கிக் கணக்கு நடத்துவேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்படி ஒரு நாள், ஒரு பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டிருந்தான். கூட்ஸ் தண்டவாளத்தோரம் குனிந்து கரி பொறுக்கும் பெண்கள். அதில் ஒருவர் அவன் அம்மா. "இது சோறு போடுமா?" என்று கேட்டுத் தாளைக் கிழித்தேன். அந்தக் கரியில்தான் அவன் வீட்டில் சோறு வெந்தது. அது தெரிந்தேதான் கேட்டேன்.

இப்போது அவன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான். நன்றாக இருக்கிறான். கணக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றோடு படம் போடுவதை விட்டுவிட்டதாக ஒரு கல்யாணத்தில் அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

ஊர் திரும்பியதும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "அதையா இன்னும் வெச்சிருக்கீங்க? விடுங்க டீச்சர்" என்றான். நான் விடவில்லை. மியூசியத்தில் வாங்கிய அந்தப் படத்தின் போஸ்ட்கார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "நடுவுல இருக்கிறவங்க எங்கம்மா மாதிரியே குனியறாங்க டீச்சர்" என்றான். அவன் அம்மா இப்போது இல்லை.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிராயிங் பீரியடைக் கடன் வாங்காதீர்கள். நான் வாங்கியதை இன்னும் அடைக்க முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர், திருவொற்றியூர்